அது குளவி இல்லை, ரம்ப ஈ

ஆசிரியருக்கு வணக்கம்.

ஞாயிறு இதழில் 'காட்டுக் குளவி, கொட்டும், கவனம்' என்று ஒரு படம் போட்டிருந்தீர்கள். பிர்ச் மரக் கிளையில் உட்கார்ந்திருந்த அந்தக் கறுத்த, தடித்த பூச்சி குளவி இல்லை, ரம்ப ஈ. பெயரில்தான் ஈ, ஈக்கு இறக்கை இரண்டு, இதற்கு நாலு. எறும்பு, தேனீ, குளவி எல்லாம் இருக்கிற அதே வரிசையில்தான் இதுவும் வருகிறது, அதனால் குழப்பம் வந்ததில் தப்பில்லை. ஆனால் இடுப்பைப் பார்த்திருக்கலாமே! குளவிக்கு நெஞ்சும் வயிறும் சேரும் இடம் நூலாக ஒடுங்கியிருக்கும், இதற்கு இடுப்பு என்று ஒன்றே கிடையாது.

அப்புறம் அந்த உணர்கொம்பு. மஞ்சளாக, நுனி மட்டும் பருத்து, குட்டிக் கதாயுதம் மாதிரி இருக்கிறது. ரம்ப ஈக்களில் சிம்பிசிடே என்ற குடும்பத்துக்கே உரிய அடையாளம் அது. மரமும் பிர்ச் என்பதால், அந்த இலையைத் தின்று வளரும் சிம்பெக்ஸ் ஃபெமோரேட்டஸ் என்ற இனம் என்றுதான் சொல்வேன். ஆல்டர் மரத்தில் இருந்திருந்தால் அதன் நெருங்கிய உறவான சிம்பெக்ஸ் கோனாட்டஸா என்று யோசித்திருப்பேன்.

நானும் ஏமாந்தவன்தான். ஒருமுறை காட்டுப் பாதையில் வெளிர்பச்சையில், முதுகில் கறுப்புக் கோட்டோடு சுருண்டு கிடந்த புழுவைப் பட்டாம்பூச்சிப் புழு என்று நினைத்து எடுத்துவந்து, பிர்ச் இலையாகப் போட்டு வளர்த்தேன். தொட்டால் பக்கவாட்டிலிருந்து நீரைப் பீய்ச்சும்! சந்தேகம் வந்து பின்பக்கத்துக் கால்களை எண்ணினால் எட்டு ஜோடி. பட்டாம்பூச்சிப் புழுவுக்கு அங்கே ஐந்து ஜோடிக்கு மேல் இருக்காது. லென்ஸ் வைத்துப் பார்த்தால் முகத்தில் பக்கத்துக்கு ஒரே ஒரு கண்புள்ளி, பட்டாம்பூச்சிப் புழுவுக்குப் பெரும்பாலும் ஆறு இருக்கும். பழுப்பாக ஒரு கூடு கட்டிக் குளிர்காலம் முழுக்க அதற்குள் கிடந்து, வசந்தத்தில் வெளியே வந்தது உங்கள் படத்தில் இருக்கும் அதே குண்டுப் பூச்சி.

இது கொட்டாது. பெண்ணின் வயிற்று நுனியில் இருக்கும் ரம்பம், இலையைக் கீறி முட்டை வைக்கத்தான். சில ரம்ப ஈக்களில் இனத்தைப் பிரிக்க அந்த ரம்பத்தின் பற்களையே நுண்ணோக்கியில் பார்க்க வேண்டியிருக்கும், படத்தை வைத்து யாராலும் சொல்ல முடியாது. இது அந்த அளவு சிரமமான ஆள் இல்லை.

'கவனம்' என்று போட்டதைப் படித்துவிட்டு யாராவது செருப்பால் அடித்துவிடப் போகிறார்கள், சீக்கிரம் ஒரு திருத்தம் போடுங்கள். வாசகர்கள் பூச்சிப் படம் அனுப்பினால், எந்த மரத்தில் பார்த்தார்கள் என்பதையும் கேட்டு வாங்குங்கள், பக்கவாட்டில் எடுத்த ஒரு படத்தோடு.

இப்படிக்கு,
ஒரு வாசகன்