இந்த ஹார்ட் டிஸ்க் எத்தனை வருஷம் ஓடும்? – வாடிக்கையாளர்களுக்கு ஒரு மடல்

அன்பான வாடிக்கையாளர்களுக்கு வணக்கம்.

ஹட்டனில் எங்கள் கடைக்கு வருகிறவர்கள் பணத்தை எண்ணி மேசையில் வைப்பதற்கு முன்னால் கேட்கும் கேள்வி ஒன்று உண்டு. "அண்ணே, இந்த ஹார்ட் டிஸ்க் எத்தனை வருஷம் ஓடும்?" இத்தனை காலமும் "அஞ்சு வருஷத்துக்குப் பயமில்லை" என்று சொல்லி அனுப்பிக்கொண்டிருந்தோம். இனி அப்படிச் சொல்லப் போவதில்லை. அதற்கான காரணத்தைச் சொல்லத்தான் இந்த மடல்.

மாசி முடிந்து சில நாட்களில், தலவாக்கலைப் பக்கத்துத் தோட்டம் ஒன்றிலிருந்து ஒரு தம்பி வந்தார். ஸ்கூல் பேக்கிலிருந்து துவாயில் சுற்றிய ஒரு எக்ஸ்டர்னல் டிஸ்க்கை எடுத்து வைத்தார். அவர்கள் டிவிஷனில் ஒன்பது வருஷமாக ஆடிய காமன் கூத்து (மன்மதன், ரதி கதை) முழுவதும் அதில் இருக்கிறது என்றார். போனில் இடம் போதாமல் ஒவ்வொரு வருஷமும் அதில் ஏற்றிவிட்டு, போனிலிருந்து அழித்துவிடுவாராம். இந்த முறை முக்காலியில் வைத்து ஏற்றிக்கொண்டிருக்கும்போது பிள்ளை ஒன்று வயரில் கால் தடுக்க, டிஸ்க் சீமெந்துத் தரையில் விழுந்துவிட்டது. இரண்டடி உயரம்கூட இருக்காது.

காதில் வைத்துக் கேட்டோம். டிக், டிக், டிக், அப்புறம் ஒரு சின்ன இழுவை, மறுபடி டிக். பதிந்திருப்பதைத் தேடிப்போகிற உள்முனை இடம் தெரியாமல் திரும்பத் திரும்ப முட்டும் சத்தம் அது. உடனே கரண்டை நிறுத்தினோம். ஆனால் அதற்கு முன் மூன்று நாள் அவர் அதை மாட்டி மாட்டிப் பார்த்திருக்கிறார். யாரோ சொன்னார்கள் என்று ஒரு இரவு பிரிட்ஜின் ஐஸ் பெட்டியிலும் வைத்திருக்கிறார். கொழும்பில் தூசியில்லா அறை வைத்து வேலை செய்கிறவர்களிடம் அனுப்பினோம். அவர்கள் திறந்து, ஒரு போட்டோ அனுப்பினார்கள். கண்ணாடி மாதிரி இருக்க வேண்டிய தட்டில், பழைய இசைத்தட்டில் ஊசி இழுத்தது போல வட்டமாக ஒரு கீறல். எதுவும் திரும்பவில்லை.

வொரண்டி எப்போதோ முடிந்துவிட்டது. இருந்திருந்தாலும் விழுந்த டிஸ்க்குக்கு அது செல்லாது. செல்லுபடியாகியிருந்தாலும் கிடைப்பது ஒரு வெறும் டிஸ்க். அவருடைய தாத்தா கடைசியாக ரதி வேடம் கட்டி ஆடியது அதில் வந்திருக்காது. வொரண்டி கார்டில் கையெழுத்துப் போட்டுக் கொடுக்கும்போது இதை நாங்கள் வாய்விட்டுச் சொன்னதில்லை. அது எங்கள் பிழை.

சரி, அந்தப் பெட்டிக்குள் என்னதான் இருக்கிறது? பளபளப்பான தட்டுகள், அவற்றின் மேல் ஒரு கை, அந்தக் கையின் நுனியில் எழுதவும் வாசிக்கவும் ஒரு முனை. மேசைக் கம்பியூட்டரில் இருக்கும் டிஸ்க் பெரும்பாலும் நிமிடத்துக்கு 7200 சுற்று சுற்றுகிறது, அதாவது விநாடிக்கு 120. தட்டின் ஓரம் மணிக்கு 120 கிலோமீற்றருக்கு மேலான வேகத்தில் ஓடுகிறது. முனை தட்டைத் தொடுவதில்லை, சுழலும் தட்டு இழுத்துவரும் காற்றின் மேல் மிதக்கிறது. இடையில் இருக்கும் இடைவெளி சில நனோமீற்றர்தான். நம் தலைமுடி ஒன்றின் தடிப்பே ஏறக்குறைய 70,000 நனோமீற்றர் வரும். அடுப்புப் புகையின் ஒரு துகள்கூட அந்த இடைவெளிக்குள் நுழையாது. ஓடும்போது விழுந்தால் என்ன ஆகும் என்று இனி யோசித்துப் பாருங்கள். நிறுத்தி வைத்த டிஸ்க்கில் முனை ஓரமாக ஒதுங்கியிருக்கும், ஓரளவு அடியைத் தாங்கும். ஓடுகிற டிஸ்க்குக்கு மேசையில் ஒரு தட்டுத் தட்டினாலே ஆபத்து.

நுவரெலியாப் பக்கத்திலிருந்து வருகிறவர்கள், இவ்வளவு உயரத்தில் காற்று மெலிந்திருக்குமே, டிஸ்க்குக்கு ஆகுமா என்று கேட்பதுண்டு. நல்ல கேள்வி. முனை மிதப்பது காற்றில் என்பதால் உயரத்துக்கு ஒரு வரம்பு இருக்கத்தான் செய்கிறது. பல டிஸ்க்குகளுக்கு அது கடல்மட்டத்திலிருந்து 3000 மீற்றர் அளவில் குறிக்கப்பட்டிருக்கும். நம் நாட்டில் மிக உயரமான பீதுருதாலகாலையே 2524 மீற்றர்தான். ஆகவே உயரத்தை நினைத்துப் பயப்பட வேண்டாம்.

பனிமூட்டமும் ஈரமும் வேறு கதை. சாதாரண டிஸ்க்கில் மூச்சுவிட ஒரு சின்னத் துளை இருக்கும், அதற்குள் வடிகட்டியும் இருக்கும். ஈரக்காற்று அவ்வளவு கெடுதல் செய்யாது. நீராகப் படிந்தால்தான் கெடுதல். மழையில் நனைந்து குளிர்ந்த பையிலிருந்து எடுத்து, அடுப்படிச் சூட்டில் இருக்கிற அறைக்குள் கொண்டுவந்த உடனே மாட்டாதீர்கள். ஒரு மணித்தியாலம் அப்படியே வைத்துவிட்டுப் பிறகு மாட்டுங்கள். ஐஸ் பெட்டியில் வைக்காதீர்கள் என்பதும் இதே காரணத்தால்தான். வெளியே எடுத்ததும் உள்ளே பனி படியும், அதற்கு மேல் சுற்றவிட்டால் மிச்சமிருப்பதும் போய்விடும்.

இனி "எத்தனை வருஷம்" என்ற கேள்வி. டிஸ்க்கின் விபரத்தாளில் சில வேளை "10 இலட்சம் மணித்தியாலம்" என்று போட்டிருப்பார்கள். கணக்குப் போட்டால் 114 வருஷம்! அந்த எண்ணை அப்படி வாசிக்கக் கூடாது. ஒரே மாதிரி டிஸ்க் 114ஐ ஒரு வருஷம் ஓடவிட்டால் அவற்றில் ஒன்று சாகலாம் என்பதுதான் அதன் பொருள். அதுவும் கம்பனிக் கணக்கு. அமெரிக்காவில் கார்னகி மெலன் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த இருவர் 2007இல் நிஜமாக ஓடுகிற டிஸ்க்குகளின் பதிவுகளை எடுத்துப் பார்த்தார்கள். விபரத்தாளின்படி வருஷத்துக்கு நூற்றில் ஒன்றுக்கும் குறைவாக மாற்ற வேண்டியிருக்க, நடைமுறையில் பெரும்பாலான இடங்களில் நூற்றுக்கு 2 முதல் 4 வரை மாற்றப்பட்டிருந்தன. ஓரிடத்தில் 13 வரை போயிருந்தது.

மற்றவர்களின் கோப்புகளை வாங்கிப் பாதுகாக்கும் பேக்பிளேஸ் என்ற அமெரிக்கக் கம்பனி, தன்னிடம் ஓடும் டிஸ்க்குகளின் கணக்கை 2013 முதல் ஒளிக்காமல் வெளியிடுகிறது. அந்த முதல் கணக்கில் முதல் ஒன்றரை வருஷம் வருஷத்துக்கு நூற்றுக்கு 5.1 போயிருக்கிறது. உற்பத்தியிலேயே குறை உள்ளவை அப்போதே விழுந்துவிட்டன. அடுத்த ஒன்றரை வருஷம் 1.4 தான். மூன்று வருஷம் தாண்டியதும் 11.8 ஆக ஏறியது. நான்கு வருஷ முடிவில் உயிரோடிருந்தவை நூற்றுக்கு ஏறக்குறைய 80. பிறகு வந்த டிஸ்க்குகள் எவ்வளவோ மேல். 2024இல் ஏறக்குறைய 3 இலட்சம் டிஸ்க்குகளில் போனவை நூற்றுக்கு 1.57.

ஆனால் அவை இருக்கும் இடத்தையும் பாருங்கள். ஆடாத இரும்பு ராக்கை, அளவான குளிர், ஒரு நாளும் போகாத கரண்ட். நம் டிஸ்க்குகள் ஹட்டன் பஸ்ஸில் மடியில் உட்கார்ந்து வருகின்றன. அதோடு, இந்த எண்கள் எல்லாம் கூட்டத்துக்கான எண்கள். ஒரு மலையில் ஏக்கருக்கு எவ்வளவு கொழுந்து கிடைக்கும் என்று கங்காணி ஐயா கண்ணை மூடிக்கொண்டு சொல்வார். மூன்றாவது நிரையில் இந்தச் செடி எத்தனை அரும்பு விடும் என்று கேட்டால் அவராலும் சொல்ல முடியாது. உங்கள் கையில் இருப்பது ஒரே ஒரு டிஸ்க். அது பத்து வருஷமும் ஓடலாம், பத்து நாளிலும் நிற்கலாம். இரண்டையும் இதே கடையில் பார்த்திருக்கிறோம்.

முன்கூட்டியே தெரியுமா என்றால், ஓரளவுக்குத் தெரியும். டிஸ்க் தன் உடல்நிலையைத் தானே குறித்து வைக்கிறது, அதற்கு ஸ்மார்ட் என்று பெயர். கிறிஸ்டல் டிஸ்க் இன்ஃபோ என்ற இலவச மென்பொருளைப் போட்டால் நீலம், மஞ்சள், சிவப்பு என்று நிறத்திலேயே காட்டிவிடும். கெட்டுப்போய் ஒதுக்கப்பட்ட இடங்களின் எண்ணிக்கை, வாசிக்க முடியாமல் காத்திருக்கும் இடங்களின் எண்ணிக்கை, இந்த இரண்டும் பூச்சியமாக இருக்க வேண்டும். மஞ்சள் வந்தால் அன்றைக்கே இன்னொரு டிஸ்க்கில் கொப்பி எடுங்கள், ஞாயிற்றுக்கிழமை பார்க்கலாம் என்று விடாதீர்கள். 2007இல் கூகிள் ஆட்கள் தங்கள் 1 இலட்சத்துக்கும் மேற்பட்ட டிஸ்க்குகளை ஆராய்ந்தபோது, மேற்பரப்பைச் சோதிக்கையில் முதல் பிழை காட்டிய டிஸ்க் அடுத்த 60 நாளில் சாகும் வாய்ப்பு மற்றவற்றைவிட 39 மடங்கு என்று கண்டார்கள். அதே ஆய்வில் இன்னொன்றும் இருக்கிறது. செத்த டிஸ்க்குகளில் பாதிக்கு மேற்பட்டவை, ஸ்மார்ட் குறிக்கும் முக்கியமான நான்கு அடையாளங்களில் ஒன்றைக்கூடக் காட்டாமலே செத்திருக்கின்றன. நீலம் காட்டுகிறது என்று நிம்மதியாக இருந்துவிட முடியாது.

குளிரான ஊர் என்பதால் நம் டிஸ்க் நீண்ட நாள் வாழும் என்பதும் சரியில்லை. மிதமான சூட்டில் ஓடியவற்றைவிடக் குளிரில் ஓடியவை நன்றாக இருந்ததாக அந்த ஆய்வில் தெரியவில்லை.

நம் பக்கத்தில் எமன் கரண்ட்தான். 2022இல் நாளுக்கு 13 மணித்தியாலம் வரை வெட்டினார்களே, அந்த மாதங்களில் எங்கள் மேசையில் டிஸ்க்குகள் குவிந்து கிடந்தன. கரண்ட் போனால் டிஸ்க் சுழலும் வேகத்திலிருந்தே கொஞ்சம் மின்சாரம் எடுத்து முனையை அவசரமாக ஓரத்துக்கு இழுத்துக்கொள்ளும். அந்த ஏற்பாடு நல்லதுதான், ஆனால் எழுதிக்கொண்டிருந்த கோப்பு பாதியில் நின்றுவிடும். கரண்ட் திரும்பி வரும்போது துள்ளும் துள்ளலோ அதைவிட மோசம். கரண்ட் போனதும் பற்றரியில் தாங்கும் சின்ன யூபிஎஸ் ஒன்று போதும், பத்து நிமிடம் தாக்குப்பிடித்தால் ஒழுங்காக நிறுத்திவிடலாம். ஏப்ரலிலும் ஒக்டோபர், நவம்பரிலும் பின்னேரம் இடி முழங்கத் தொடங்கியதும் சுவிட்சை மட்டும் நிறுத்தாமல் பிளக்கையே கழற்றுங்கள். ரௌட்டரின் டெலிபோன் வயரையும் சேர்த்துத்தான். மின்னல் அந்த வழியாகவும் வரும். லயத்து வீடுகளில் ஒரே இணைப்பிலிருந்து பல வீட்டுக்குக் கரண்ட் போயிருந்தால் எர்த் இருக்கிறதா என்று ஒரு தரம் பார்த்துவிடுவதும் நல்லது.

தட்டுக்குப் பதிலாகச் சிப்பில் எழுதும் எஸ்எஸ்டி போட்டால் இந்தத் தொல்லை இல்லையே என்று கேட்பீர்கள். சுழல எதுவும் இல்லை, விழுந்தாலும் பெரும்பாலும் தப்பும், வேகம் அதிகம். லெப்டொப்புக்கு நாங்களே அதைத்தான் சொல்கிறோம். எழுதி எழுதித் தேய்ந்துவிடும் என்ற பயம் வீட்டுப் பாவனைக்குத் தேவையில்லை. 300 டெராபைட் (ஒரு டெராபைட் 1000 ஜிபி) வரை எழுதலாம் என்று குறித்த ஒன்றில் நாளுக்கு 20 ஜிபி எழுதினாலும் கணக்குப்படி 40 வருஷம் வரும். ஆனால் அது சாகும்போது டிக் டிக் என்று சொல்லிவிட்டுச் சாகாது. நேற்று இருந்தது, இன்று கம்பியூட்டருக்கே அப்படி ஒன்று இருப்பது தெரியவில்லை என்று கொண்டுவருவார்கள். உள்ளே இருப்பதை மீட்பதும் கடினம். கரண்ட் கொடுக்காமல் வருஷக்கணக்கில் அலுமாரியில் வைத்தால் எழுதியது மெல்ல மறையவும் கூடும். கல்யாண அல்பத்தை எஸ்எஸ்டியில் போட்டுப் பூட்டி வைக்காதீர்கள். பென் டிரைவைப் பற்றிச் சொல்லவே வேண்டாம்.

ஆகவே எத்தனை வருஷம் ஓடும் என்று கேட்டால் இனி நாங்கள் திருப்பிக் கேட்கப்போவது, இதில் இருப்பது வேறு எங்கே இருக்கிறது என்றுதான். ஒரே டிஸ்க்கில் இரண்டு போல்டரில் இருப்பது இரண்டு கொப்பி ஆகாது. கம்பியூட்டரில் ஒன்று, வெளி டிஸ்க்கில் ஒன்று, இந்த இரண்டும் இருக்கும் வீட்டில் இல்லாமல் வேறிடத்தில் ஒன்று. மூன்றாவதை ஏன் இவ்வளவு வலியுறுத்துகிறோம் என்பது நம் மலைகளில் வாழ்கிறவர்களுக்குத் தெரியும். 2014 ஒக்டோபர் 29ஆம் திகதி கொஸ்லந்தைப் பக்கம் மீரியபெத்தைத் தோட்டத்தில் மண் சரிந்து வந்தபோது லயங்கள் முழுதாகவே புதைந்தன. பிறப்புச் சான்றிதழ், அடையாள அட்டை, ஈபிஎஃப் (ஊழியர் சேமலாப நிதி) கடிதங்கள், பிள்ளைகளின் பரீட்சைப் பெறுபேறு இவற்றைப் படமெடுத்து, வேறு ஊரில் இருக்கும் சொந்தக்காரர் வீட்டு டிஸ்க்கிலோ கூகிள் டிரைவிலோ போட்டு வையுங்கள். இலவசமாகக் கிடைக்கும் 15 ஜிபி இதற்குத் தாராளம்.

அந்தத் தம்பிக்குக் கொழும்பில் இருக்கும் மாமா மகனின் போனில், வட்ஸ்அப்பில் எப்போதோ அனுப்பிய நாற்பது விநாடித் துண்டு ஒன்று கிடைத்தது. தப்பு மேளச் சத்தம் கேட்கிறது, தாத்தா ஒரு தரம் திரும்புகிறார், அவ்வளவுதான். அதை இப்போது மூன்று இடத்தில் வைத்திருக்கிறார்.

எங்கள் பக்கத்திலிருந்து சில மாற்றங்கள் செய்திருக்கிறோம். புது டிஸ்க் வாங்க வந்தால் பழையதையும் கொண்டு வாருங்கள். நன்றாக இருந்தால் தூக்கிப் போடாமல் ஒரு பெட்டிக்குள் மாட்டி, இரண்டாவது கொப்பிக்கென்று ஆக்கித் தருகிறோம். பெட்டியின் விலை மட்டும்தான், வேலைக்குக் காசு இல்லை. எங்களிடம் வாங்காத டிஸ்க்காக இருந்தாலும் உடல்நிலை பார்ப்பதற்கு எதுவும் எடுப்பதில்லை. புதன்கிழமை காலையில் கூட்டம் குறைவு, இருந்து ஆறுதலாகப் பார்க்கலாம். சத்தம் போடுகிற டிஸ்க் என்றால் நாளைப் பார்க்காதீர்கள். மாட்டிப் பார்க்காமல், துவாயில் சுற்றி, மழை படாமல் பொலித்தீனில் போட்டு, அப்படியே கொண்டு வாருங்கள். கடை மூடியிருந்தால் பக்கத்து மருந்துக்கடை அக்காவிடம் பெயரையும் தோட்டத்தையும் எழுதிக் கொடுத்துவிட்டுப் போகலாம்.

அன்புடன்,
உங்கள் கம்பியூட்டர் கடையினர்,
ஹட்டன்.