செயலாளரின் ஆண்டறிக்கை, 2024

மதிப்பிற்குரிய தலைவர் அவர்களுக்கும் நிர்வாக சபையினருக்கும் உறுப்பினர்களுக்கும் வணக்கம்.

ஸ்காபரோவில் இயங்கும் நமது தாய்சேய் நலச் சங்கம் இவ்வாண்டும் மாதம் ஒருமுறை கூடியது. பாலூட்டல் வகுப்புகள் வழக்கம்போல் நடந்தன. கணக்கைப் பொருளாளர் வாசிப்பார்.

இளவேனிலில் நாம் அச்சிட்ட துண்டுப்பிரசுரம் பற்றி விரிவாகச் சொல்ல வேண்டும். அபின் வகை வலிக்குளிசைகளிலோ போதைப்பொருளிலோ தங்கிவிட்டவர்களுக்குச் சிகிச்சையாகக் கொடுக்கும் மருந்துகள் மெதடோனும் புப்ரினோர்பினும். அவற்றை எடுக்கும் கர்ப்பிணிகளுக்கான அந்தப் பிரசுரத்துக்கு, 'போதைக்கு அடிமையான தாய்மாருக்கு' என்று தலைப்பிட்டிருந்தோம். அதை வாசித்த இளம் தாய் ஒருவர் என்னிடம் கேட்டார்: "அன்ரி, நாரி நோவுக்கு டொக்டர் தந்த குளிசையிலைதான் எனக்கு இது தொடங்கினது. இப்ப ஒவ்வொரு நாளும் பாமசிக்குப் போய் மருந்து குடிக்கிறன். நான் ஆருக்கு அடிமை?" எனக்கு மறுமொழி வரவில்லை. மிச்சப் பிரதிகளை எடுத்துவிட்டு, 'மருந்து எடுக்கும் தாய்மாருக்கு' என்று புதிதாக அச்சிட்டோம். பிழை என்னுடையது.

அந்தத் தாயோடு சில நாள் பாமசிக்குப் போனேன். தோடம்பழச் சாற்றில் கலந்த மெதடோனை மருந்தாளர் முன்னிலையில் குடித்து, வெறும் குவளையைத் திருப்பிக் கொடுப்பார். பின்னால் வரிசையில் நின்றவர்கள் அவரது வயிற்றைப் பார்த்தார்கள்.

"பிள்ளைக்காக இண்டைக்கே நிப்பாட்டு" என்று வீட்டார் சொல்வது பாசத்தில்தான். ஆனால் அந்தப் பேச்சுக்குத்தான் நான் அதிகம் பயப்படுகிறேன். மருந்தைத் திடீரென விட்டால் உடல் படும் பாடு ஒருபுறம். விட்டவர் மீண்டும் போதைப்பொருளைத் தொட்டால், பழைய அளவை உடல் தாங்காமல் உயிரே போகலாம். மருத்துவ வழிகாட்டல்கள் கர்ப்ப காலத்தில் மருந்தைத் தொடரச் சொல்வது இதனால்தான். மாதம் ஏற ஏற உடல் மெதடோனை வேகமாகக் கழிக்கும். அளவைக் கூட்டவோ இரண்டு வேளையாகப் பிரிக்கவோ நேரும். "கூட்டிப்போட்டினம், வருத்தம் முத்திப்போச்சு" என்று மாமியார் ஒருவர் அழுதார். அப்படியல்ல என்று விளக்க ஒரு பின்னேரம் முழுதும் எடுத்தது.

பிறந்த சில நாள்களில் பிள்ளைக்கு நடுக்கம், கீச்சிட்ட அழுகை, பால் குடிக்கச் சிரமம் வரலாம். இது அடிமைத்தனம் அல்ல, தாய்வழி வந்த மருந்து பிள்ளையின் உடலைவிட்டு நீங்கும்போது தோன்றி, சில வாரங்களில் தணியும் விலகல் அறிகுறி. ரொறன்ரோவும் பங்கேற்று 2010இல் வெளிவந்த ஆய்வில், புப்ரினோர்பின் எடுத்த தாய்மாரின் பிள்ளைகள் சராசரியாக 10 நாளும், மெதடோன் எடுத்தவர்களின் பிள்ளைகள் 17.5 நாளும் ஆஸ்பத்திரியில் இருந்தார்கள். ஆனால் சிகிச்சையை இடைநடுவே விட்டவர்கள் புப்ரினோர்பின் எடுத்தவர்களிலேயே அதிகம். மெதடோனில் நிலையாக இருப்பவரை மாறச்சொல்லி நாம் வற்புறுத்தக் கூடாது.

2023இல் வெளிவந்த ஆய்வொன்றுக்காக அமெரிக்காவின் 26 ஆஸ்பத்திரிகளில் இப்பிள்ளைகளைப் பராமரிக்கும் இன்னொரு முறையைச் சோதித்தார்கள். பிள்ளை குடிக்கிறதா, உறங்குகிறதா, தேற்றினால் அடங்குகிறதா என்று பார்த்து, முதலில் அணைப்பையும் அமைதியையும் கொடுப்பது. வீட்டுக்குப் போகத் தயாராகும் காலம் ஏறக்குறைய 15 நாளிலிருந்து 8 நாளாகக் குறைந்தது. இது நமது அம்மம்மாமாருக்குக் கைவந்த வேலை. கார்த்திகையில் நமது உறுப்பினர் ஒருவர் ஐந்து இரவு, விளக்கைத் தணித்து, பிள்ளையை நெஞ்சோடு சேர்த்து ஆராரோ பாடியபடி இருந்தார். நிலையாக மருந்து எடுக்கும் அந்தத் தாய், மருத்துவர் சொற்படி தாய்ப்பாலே கொடுத்தார்.

ஒரு மனக்குறை. ஓர் ஆஸ்பத்திரியில் மாமியாரையே மொழிபெயர்க்கச் சொன்னதால் ஒரு தாயின் மருந்து விடயம் வீடு முழுக்கத் தெரிந்துவிட்டது. தொழில்முறை மொழிபெயர்ப்பாளரை அழைக்குமாறு எழுதினோம். பதில் இன்னும் வரவில்லை. பிள்ளையைப் பறிப்பார்கள் என்ற பயத்தில் ஆஸ்பத்திரிக்கே வராதவர்களும் உண்டு. சிறுவர் நல அமைப்புகள் பேறுக்கு முன்பே தாயைப் பற்றி ஆஸ்பத்திரிகளுக்கு அனுப்பிய எச்சரிக்கைகளை ஒன்ராறியோ 2020 ஒக்டோபரில் நிறுத்தியதை அவர்களுக்குச் சொல்லுங்கள்.

இரவில் பிள்ளை வைத்திருக்க மேலும் ஆள் வேண்டும். பெயர் தர விரும்புவோர் தேநீர் மேசையில் உள்ள கொப்பியில் எழுதவும். அபின் வகை மருந்து அளவு மிஞ்சி மூச்சு அடங்கும்போது உயிர்காக்கும் நலோக்சோன் பெட்டி பாமசிகளில் இலவசம். ஒவ்வொருவரும் ஒன்றை வாங்கி வைத்திருக்கவும்.

இவ்வறிக்கையைச் சபை ஏற்றுக்கொள்ளுமாறு வேண்டுகிறேன்.

செயலாளர்