பலகையை இறுக்கிப் பூட்டாதீர்கள்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். சென்ற ஞாயிறு இணைப்பிதழில், வீட்டிலேயே மர மேசை செய்துகொள்வது பற்றி வந்த கட்டுரையை வரி விடாமல் படித்தேன். உயரம், கால் கனம், முழங்கால் இடிக்காமல் விட வேண்டிய இடம் எல்லாம் சரியாகவே சொல்லியிருந்தார்கள். ஆனால் மேல் பலகையைப் பொருத்தும் இடத்தில் வந்ததும் எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. கால்களை இணைக்கும் சட்டங்களின் நான்கு பக்கமும் பசை தடவி, பலகையை வைத்து, சாணுக்கு ஒரு ஸ்க்ரூ வீதம் ‘இம்மியும் அசையாதபடி’ முடுக்கச் சொல்கிறார்கள். போதாததற்குப் பலகையைச் சுற்றி நான்கு மூலையும் சாய்வாக வெட்டி இணைத்த ஒரு விளிம்புச் சட்டத்தையும் ஒட்டச் சொல்கிறார்கள். எழுதியவர் சென்னைக்காரர் என்று நினைக்கிறேன். அந்த மேசை சென்னையில் பிழைத்தாலும் பிழைக்கும். தில்லியில் பிழைக்காது. உங்கள் நாளிதழை இங்கே கரோல்பாகிலும் ஆர்.கே. புரத்திலும் மயூர் விஹாரிலும் படிக்கிறவர்கள் இருக்கிறோம். அதனால்தான் எழுதுகிறேன்.

நான் பள்ளிக்கூடத்தில் இயற்பியல் நடத்தி ஓய்வு பெற்றவள். டி.டி.ஏ. (தில்லி வளர்ச்சி ஆணையம்) வீட்டோடு ஸ்கூட்டர் நிறுத்தக் கொடுத்த கொட்டில்தான் என் பட்டறை. ஸ்கூட்டர் போய் வெகு காலமாயிற்று. இப்போது அங்கே ஒரு பட்டறைப் பலகை, இழைப்புளிகள், உளிகள், ரம்பங்கள், சுவரில் ஒரு ஈரப்பதமானி. கடைசியாகச் சொன்னதை வீட்டுக்கு வருகிறவர்கள் கடிகாரம் என்று நினைத்துக்கொள்வார்கள். மேசை செய்ய அதைவிட முக்கியமான கருவி தில்லியில் கிடையாது என்பேன்.

வகுப்பில் வெப்ப விரிவு நடத்தும்போது, வெயிலில் எது விரியும் என்று கேட்டால் பிள்ளைகள் இரும்பு, தார்ச்சாலை, மரக்கதவு என்று அடுக்குவார்கள். மரக்கதவை மட்டும் நான் அடித்துவிடுவேன். மரம் சூட்டுக்கு ஆடுவது மிகக் குறைவு. அதை ஆட்டி வைப்பது காற்றில் உள்ள ஈரம். தில்லியில் மே, ஜூன் மாதங்களில் லூ என்னும் அனல்காற்று வீசும் பிற்பகல்களில் காற்றின் ஈரப்பதம் 25 சதவீதத்துக்கும் கீழே போகும். ஆகஸ்டில் 80-ஐத் தொடும். பொதுவாக மரம், 25 சதவீத ஈரப்பதமுள்ள காற்றில் நெடுநாள் இருந்தால் தன் உள்ஈரத்தை 5, 6 சதவீதத்துக்கு இறக்கிக்கொள்ளும். 80 சதவீதக் காற்றில் 15, 16-க்கு ஏற்றிக்கொள்ளும். பாலிஷ் போட்ட மேசை அந்த இரண்டு எல்லையையும் எட்டுவதற்குள் பருவம் மாறிவிடும் என்பது உண்மை. ஆனாலும் பாதி தூரம் போய்த் திரும்பும். ஆக, கோடையில் கதவு இறுகுவதில்லை, ஆடுகிறது. மழைக்காலத்தில்தான் இறுகுகிறது. கட்டிலும் மேசையும் அப்படித்தான்.

இந்தச் சுருக்கமும் பெருக்கமும் எல்லாத் திசையிலும் ஒரே மாதிரி நடந்தால் தொல்லையே இல்லை. நார் ஓடும் நீளவாக்கில் மரம் அசைவதே தெரியாது. அகலவாக்கில்தான் எல்லாம். தேக்கையே எடுத்துக்கொள்வோம். மரத்தின் ஆண்டு வளையங்கள் படுத்தபடி அறுத்த பலகையில், உள்ஈரம் ஒரு சதவீதப் புள்ளி மாறினால் அகலம் ஏறக்குறைய 0.19 சதவீதம் மாறும். 75 சென்டிமீட்டர் அகல மேசையில் ஈரம் 5 புள்ளி மாறட்டும். கணக்குப் போட்டால் 7 மில்லிமீட்டர் வரும். வளையங்கள் நின்றபடி அறுத்த பலகை என்றால் ஏறக்குறைய பாதி. அந்த 7 மில்லிமீட்டரும் எங்கேயாவது போயாக வேண்டும். இரண்டு பக்கமும் ஸ்க்ரூவும் பசையும் பிடித்துக்கொண்டிருந்தால், பலகை நார்வாக்கில் பிளந்து இடம் தேடிக்கொள்ளும். சுற்றி ஒட்டிய விளிம்புச் சட்டத்தின் நீள் துண்டு நீளவாக்கில் ஓடுவது, அதனால் பாதகமில்லை. குறுக்குத் துண்டுதான் அசையவே மறுக்கும். உள்ளே இருக்கும் பலகை அகலத்தில் அசையும். மழைக்காலத்தில் மூலை வாய் பிளப்பது அதனால்தான்.

சென்னையில் ஏன் தப்பிக்கும்? கடலோரம் ஆண்டு முழுக்க ஈரமாகவே இருப்பதால் மரத்துக்கு அங்கே பெரிய ஏற்ற இறக்கம் கிடையாது. இதை நான் புதிதாகக் கண்டுபிடித்துச் சொல்லவில்லை. மரத்தில் எவ்வளவு ஈரம் இருக்கலாம் என்று வகுக்கும் இந்தியத் தர நிர்ணயம் ஐ.எஸ். 287, நாட்டைக் காற்றின் ஈரப்பதப்படி நான்கு மண்டலங்களாகப் பிரித்துத்தான் பேசுகிறது. மேசை செய்யச் சொல்லித் தருகிறவர்கள் எந்த ஊருக்கு என்று ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம்.

எங்கள் பிளாக்கிலேயே ஒரு சாட்சி இருக்கிறது. சென்னையிலிருந்து மாற்றலாகி வந்த குடும்பம், அங்கே நல்ல ஆசாரியிடம் செய்வித்த தேக்குச் சாப்பாட்டு மேசையை லாரியில் ஏற்றிக்கொண்டு வந்தார்கள். முதல் மே மாதத்திலேயே பலகையின் முனையிலிருந்து ஒரு விரிசல் கிளம்பி நடுவரை வந்துவிட்டது. “பச்சை மரத்தைத் தலையில் கட்டிவிட்டான் மாமி” என்று அந்தப் பெண் ஆசாரியைத் திட்டாத நாளில்லை. நான் குனிந்து அடியில் பார்த்தேன். மரத்தில் குற்றமில்லை, வேலையும் சுத்தம். சுற்றிலும் ஸ்க்ரூ, அவ்வளவுதான். சென்னைக் காற்றில் செய்து சென்னைக் காற்றிலேயே இருந்திருந்தால் அது அவர்கள் பேத்தி காலம் வரை வந்திருக்கும். அவர் கணவர் மக்கு என்னும் அடைப்புப் பூச்சையும் பசையையும் குழைத்து விரிசலை அடைக்கத் தயாராக நின்றார். வேண்டாம் என்று தடுத்தேன். கோடையில் விரிசலை அடைத்துவிட்டால், மழைக்காலத்தில் பலகை விரியும்போது அந்த அடைப்பு ஆப்பு மாதிரி நின்று பக்கத்தில் இன்னொரு பிளவை உண்டாக்கும். ஸ்க்ரூக்களைக் கழற்றி, துளைகளை அகலவாக்கில் நீட்டி, வாஷர் வைத்துத் திரும்பப் போட்டோம். ஆகஸ்டில் விரிசல் தானாக ஒட்டிக் கோடாகிவிட்டது. அதற்குப் பிறகு அது பெரிதாகவில்லை.

புதிதாகச் செய்கிறவர்களுக்கு இன்னும் நல்ல வழி உண்டு. சட்டத்தின் உள்பக்கம், மேல் விளிம்பிலிருந்து ஒரு சென்டிமீட்டர் கீழே ஒரு காடி (நீளமான பள்ளம்) இழுத்துவிடுங்கள். கட்டைவிரல் அளவில் சிறு மரக்கட்டைகள் செய்து, ஒரு முனையில் நாக்கு மாதிரி வெட்டி, நாக்கைக் காடிக்குள் செருகி, கட்டையை மட்டும் பலகையோடு ஸ்க்ரூ போடுங்கள். சட்டத்துக்கும் பலகைக்கும் நேரடி ஸ்க்ரூ கிடையாது, பசை கிடையவே கிடையாது. நீளச் சட்டங்களில் கட்டை உள்ளும் புறமும் நகர 4, 5 மில்லிமீட்டர் இடம் விட வேண்டும். குறுக்குச் சட்டங்களில் கட்டை காடியிலேயே வழுக்கிக்கொள்ளும். நேரடி ஸ்க்ரூவுக்கு ஒரே விலக்கு, குறுக்குச் சட்டம் ஒவ்வொன்றின் நட்டநடுவிலும் ஒரே ஒரு ஸ்க்ரூவை நேராகப் போட்டு இறுக்கலாம். அப்போது அசைவு இரண்டு பக்கமும் சமமாகப் பிரியும். மேசையைப் பலகை பிடித்துத் தூக்கினாலும் கழன்று வராது. கால்களையும் சட்டங்களையும் துளையும் அதில் செருகும் கழுந்துமாக வெட்டிப் பசை போட்டு இறுக்குவதில் எனக்கு ஆட்சேபம் இல்லை, அங்கே இறுக்கம் வேண்டியதுதான். ஒட்டும்போது மூலைக்கு மூலை இரண்டு குறுக்களவும் சமமா என்று பார்த்துவிட்டுக் கிளாம்பை முடுக்குங்கள்.

கட்டுரையாளர் சொன்ன முறை ப்ளைவுட்டுக்கு அப்படியே பொருந்தும். ப்ளைவுட்டில் தாள்களை ஒன்றுக்கொன்று குறுக்காக ஒட்டியிருப்பதால் அகலவாக்கில் அசைவு மிகச் சொற்பம். சுற்றிச் சட்டம் ஒட்டலாம், ஸ்க்ரூ போடலாம். அந்தப் பழக்கத்தையே முழு மரத்துக்கும் எழுதிவிட்டாரோ என்று எனக்குச் சந்தேகம்.

மரம் வாங்குவது பற்றி அவர் ஒரே வரியில் கடந்துவிட்டார். இங்கே என்றால் கீர்த்தி நகர் மரச் சந்தை. தேக்கும், ஈட்டி மர இனத்தைச் சேர்ந்த சீஷமும் கன அடிக் கணக்கில் கிடைக்கும். நான் போய் நின்றால் “மிஸ்திரி (ஆசாரி) எங்கே ஆன்ட்டிஜி?” என்பதுதான் முதல் கேள்வி. மிஸ்திரி நான்தான் என்று சொல்லி, பலகையைப் புரட்டி, முனையின் வளையத்தைப் பார்க்க ஆரம்பித்தால் அதற்குப் பிறகு மரியாதையாகப் பேசுவார்கள், விலையைக் குறைக்க மாட்டார்கள். சீஷத்தில் கருத்த வைரப் பகுதியை மட்டும் எடுங்கள். ஓரத்து வெள்ளையில் மாவுச்சத்து இருப்பதால் பூச்சி அங்கேதான் முதலில் துளைக்கும். மேசைக்கடியில் மாவு கொட்டிக் கிடந்தால் அதுதான் காரணம். காய்ந்த மரம் என்று கடைக்காரர் சத்தியம் செய்தாலும் நம்ப வேண்டாம், எடை பாருங்கள். பலகையின் முனையைத் தவிர்த்து உள்ளேயிருந்து ஒரு துண்டு வெட்டிச் சமையலறைத் தராசில் நிறுத்து, ஓவன் அடுப்பில் 103 டிகிரி செல்சியஸில், எடை மேலும் குறையாமல் நிற்கும்வரை வைத்திருங்கள். 112 கிராம் 100 கிராம் ஆனால் ஈரம் 12 சதவீதம். வாங்கிய பலகையை, மேசை இருக்கப் போகும் அறையிலேயே இடையில் குச்சி கொடுத்து அடுக்கிச் சில வாரங்கள் போட்டு வைப்பது உத்தமம். கூலர் ஓடும் அறைக்கும் ஏ.சி. ஓடும் அறைக்கும் வித்தியாசம் உண்டு. தண்ணீரில் நனைந்த காற்றை வீசும் கூலர் கோடையிலேயே மழைக்காலத்தைக் கொண்டுவந்துவிடும், ஏ.சி. இருக்கிற ஈரத்தையும் உறிஞ்சும்.

இழைப்பதும் செதுக்குவதும்தான் எனக்குப் பிடித்த பகுதி, அதனால் கொஞ்சம் நீட்டுகிறேன். இரண்டு பலகைகளை ஒட்டி ஒன்றாக்கும்போது, அவற்றைப் புத்தகம் மாதிரி மடித்து, இரண்டு விளிம்பையும் சேர்த்துப் பிடித்து ஒரே ஓட்டத்தில் இழையுங்கள். இழைப்புளி கொஞ்சம் சாய்ந்திருந்தாலும் ஒன்றின் சாய்வை மற்றது சரிக்கட்டி, விரித்து வைத்தால் மட்டமாக உட்காரும். பலகை முறுக்கியிருக்கிறதா என்று பார்க்க, இரண்டு முனையிலும் நேரான குச்சி ஒவ்வொன்றை வைத்து ஒரு கண்ணை மூடிக்கொண்டு பாருங்கள். குச்சிகள் இணையாகத் தெரியாவிட்டால் எந்த மூலை தூக்கியிருக்கிறதோ அங்கே சீவ வேண்டும். நான்கு விளிம்பில் முனை நாரை முதலில் சீவி, நீள விளிம்பைக் கடைசியில் சீவினால், முனையில் பெயர்ந்த சிலும்பு அடுத்த ஓட்டத்திலேயே போய்விடும். கால்களைக் குறுக்கும்போது உள்பக்கம் இரண்டை மட்டும், சட்டத்துக்குக் கீழே இருந்து ஆரம்பித்துச் சரியுங்கள். வெளிப்பக்கம் நேராக நிற்கட்டும். நான்கு பக்கமும் சரித்தால் மேசை முட்டி மடக்கி நிற்பது போலிருக்கும். கனமான பலகை மெலிதாகத் தெரிய வேண்டுமா, விளிம்பின் அடிப்பகுதியை உள்நோக்கிச் சாய்வாகச் சீவிவிடுங்கள். மேலிருந்து பார்ப்பவர் கண்ணுக்கு பலகையின் பாதிக் கனம்தான் தெரியும், பலமும் குறையாது. கட்டுரையில் இருந்த படத்தில் மேசை கொஞ்சம் தடியாகத் தெரிந்ததற்கு இந்தச் சரிவு இல்லாததே காரணம்.

மணல்தாள் போடும்போது முகமூடி கட்டுங்கள் என்று சொல்லாமல் விட்டதும் குறைதான். மரத்தூளைச் சர்வதேசப் புற்றுநோய் ஆராய்ச்சி நிறுவனம் 1995-லேயே புற்றுநோய் உண்டாக்கும் பொருட்களில் முதல் பிரிவில் சேர்த்துவிட்டது. தில்லியின் நவம்பர் புகைமூட்டத்துக்காக வாங்கி வைத்திருக்கும் முகமூடியே போதும்.

அந்தக் கட்டுரையைப் படித்து யாராவது இந்நேரம் பலகையைக் கிளாம்பில் போட்டிருக்கலாம். ஆகவே, மழை முடிவதற்குள் ஒரு சிறு திருத்தமாவது வெளியிடுங்கள். மரக்கட்டையும் காடியும் எப்படி இருக்கும் என்று ஒரு படம் போட்டால் நல்லது. தேவைப்பட்டால் நானே வரைந்து அனுப்புகிறேன்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற இயற்பியல் ஆசிரியை,
மயூர் விஹார், தில்லி.

பின்குறிப்பு: கடைசிப் பூச்சுக்கு ஆளிவிதை எண்ணெய் தேய்க்கச் சொல்லியிருக்கிறார்கள், நல்ல யோசனை. ஆனால் துடைத்த துணியைச் சுருட்டிக் குப்பைக் கூடையில் போட்டுவிடக் கூடாது. அந்த எண்ணெய் காற்றோடு சேர்ந்து உலரும்போது சூடு பிறக்கும். சுருண்ட துணிக்குள் சூடு வெளியேற வழியில்லாமல் தானே பற்றிக்கொள்ளும். கொடியில் விரித்துக் காயப் போடுங்கள், அல்லது தண்ணீர் வாளியில் அமிழ்த்துங்கள். இதையும் திருத்தத்தோடு சேர்த்துப் போடவும்.