பாதியில் அறுந்த அந்தப் போன்

நாட்டிங்காம்,
நவம்பர் 9

அன்புள்ள பழனி,

அன்றைக்கு பழைய கார் ஒன்றை வாங்கப் போன இடத்திலிருந்து உனக்குப் போன் போட்டேனே, நீ "ஆக்சிலேட்டரைத் தொடாதே, அப்படியே ஓடட்டும்" என்று சொன்னதுவரை கேட்டது. அப்புறம் வெறும் கரகரப்பு. லிங்கன்ஷயரில் அந்தக் கிராமத்தில் வேலிக்கு அந்தப் பக்கம் போனால் சிக்னல் ஒரு புள்ளி, இந்தப் பக்கம் அதுவும் இல்லை. "வாங்கினியா இல்லியாடா" என்று நீ அனுப்பிய ஆறு மெசேஜையும் ராத்திரி வீட்டுக்கு வந்துதான் பார்த்தேன். "வாங்கிட்டேன்" என்று ஒற்றைச் சொல்லில் பதில் போட்டதில் உனக்குக் கோபம். ரெண்டு வாரமாகக் குட் மார்னிங் படம்கூட வரவில்லையே, தெரியாமலா இருக்கும்? அதனால்தான் உட்கார்ந்து விவரமாக எழுதுகிறேன்.

மாஸ்டா எம்.எக்ஸ்-5. 1996 மாடல், 1.8 லிட்டர், ஐந்து கியர். ரெண்டே சீட், மேலே துணிக் கூரை, பித்தானைத் தட்டினால் தவளைக் கண் மாதிரி எழும்பும் ஹெட்லைட். எடை ஏறத்தாழ ஒரு டன். எஞ்சின் முன்னால், இழுவை பின் சக்கரத்தில். லோட்டஸ் எலான், எம்.ஜி. என்று இங்கிலாந்துக்காரன் செய்து பார்த்துக் கைவிட்ட ரகம் இது. அதையே 1989-இல் ஜப்பான்காரன் ஒழுகாமல், நடுவழியில் நிற்காமல் செய்து காட்டினான். 2016-க்குள் பத்து லட்சம் வண்டி தயாரித்துவிட்டார்கள். அதனால்தான் ஸ்பேர் சுலபமாகக் கிடைக்கிறது, நம்மைப்போல் மாதச் சம்பளக்காரனும் ஸ்போர்ட்ஸ் கார் என்று வாய் திறக்க முடிகிறது. விலை 3,400 பவுண்டு.

சரசு ஒன்றே ஒன்றுதான் கேட்டாள். "அம்பத்தொம்பது வயசுல ரெண்டு சீட்டு காரா? மளிகைச் சாமானை மடியிலயா வெச்சுக்கறது?" டிக்கியில் பத்து கிலோ அரிசி மூட்டை ரெண்டு பிடிக்கும் என்று டேப் வைத்து அளந்து காட்டினேன். பேட்டரியும் அதே டிக்கிக்குள்தான் உட்கார்ந்திருக்கிறது என்பதை இன்னும் சொல்லவில்லை.

உனக்குக் காரணம் சொல்ல வேண்டியதில்லை. 1986-இல் வீட்டில் என்.எஸ்.எஸ். கேம்ப் என்று பொய் சொல்லிவிட்டு நீலகிரி எக்ஸ்பிரஸில் கழிவறைப் பக்கம் உட்கார்ந்தபடி சென்னைப் பக்கம் சோழவரம் கார் ரேஸுக்குப் போனோமே, அதிலிருந்து இருக்கிற நமைச்சல் இது. பழைய விமான ஓடுதளம், வைக்கோல் கட்டு, பொசுக்கும் வெயில். நம்ம கோயம்புத்தூர் ரேஸ்காரர் கரிவரதன் வண்டி கடந்தபோது நீ கத்திய கத்தலில் மூன்று நாள் உனக்குத் தொண்டை போயிற்று. அன்றைக்கு நாம் பார்த்ததில் பாதி வீட்டுப் பட்டறையில் தட்டிச் செய்த வண்டிகள்.

சரி, வாங்கின கதை. ரெண்டு மாசம் ஆன்லைனில் தேடினேன். கடைக்காரனிடம் வாங்கினால் பழுது வந்தால் சட்டப்படி கேட்கலாம். 2015-இல் வந்த நுகர்வோர் சட்டம் அதற்கு இடம் தருகிறது. வியாபாரி அல்லாத வீட்டுக்காரர் ஒருவர் தன் காரை விற்றால் அந்தப் பாதுகாப்பு கிடையாது. சொன்னதும் காரும் பொருந்த வேண்டும், விற்கும் உரிமை அவருக்கு இருக்க வேண்டும், அவ்வளவுதான். மற்றதெல்லாம் கண்ணபுரம் மாட்டுச் சந்தை மாதிரி: பல்லைப் பார், சுழியைப் பார், கயிறு கைமாறிய பிறகு பேச்சில்லை. அதனால் வியாபாரிகளே வீட்டுக்காரர் வேஷம் போட்டுக்கொண்டு விற்கிறார்கள். அதைக் கண்டுபிடிக்க இங்கே எல்லாருக்கும் தெரிந்த ஒரு வழி உண்டு. போன் போட்டு, எந்த வண்டி என்று சொல்லாமல் "கார் விஷயமா கூப்பிட்டேன்" என்று மட்டும் சொல்ல வேண்டும். ஒருவன் "எந்தக் கார்?" என்றான். பல கார் விற்கிறவன்தானே அப்படிக் கேட்பான்? வைத்துவிட்டேன்.

இன்னொருத்தன் வீட்டுக்கே போனேன். கண்ணாடி மாதிரிப் பளபளப்பு. பேச்சுவாக்கில் பானெட்டின் மேல் கை வைத்தேன், வெதுவெதுப்பாக இருந்தது. நான் வருவதற்குள் ஸ்டார்ட் செய்து சூடாக்கி வைத்திருக்கிறான். ஆறிக் கிடக்கும் எஞ்சின் முதல் நிமிஷம் என்ன சத்தம் போடும் என்பதுதானே வண்டியின் ஜாதகம்? குனிந்து அடியில் பார்த்தால் புத்தம் புதிய கறுப்புப் பூச்சு, தார் மாதிரி. முப்பது வருஷ வண்டிக்கு அடிவயிற்றில் மட்டும் எதற்கு மை? டீ கொடுத்தான், குடித்துவிட்டு வந்துவிட்டேன்.

இங்கே எனக்கு ரொம்பப் பிடித்தது எம்.ஓ.டி. சரித்திரம். மூன்று வயதைத் தாண்டிய வண்டிகளுக்கு வருஷத்துக்கு ஒருமுறை எம்.ஓ.டி. என்ற பரிசோதனை கட்டாயம். 2005-லிருந்து வந்த முடிவுகளை அரசாங்கம் இணையத்தில் வைத்திருக்கிறது. நம்பர் பிளேட்டை அடித்தால் போதும், காசு கிடையாது, யார் வேண்டுமானாலும் பார்க்கலாம். அன்றைக்கு மீட்டரில் எவ்வளவு, பாஸா பெயிலா, எதனால் பெயில், பெயில் ஆகாவிட்டாலும் எதைக் கவனிக்க வேண்டும், எல்லாம் இருக்கும். ராத்திரி பத்து மணிக்கு மேல் அதைப் படிப்பதே எனக்குப் பொழுதுபோக்கு ஆகிவிட்டது. சரசுகூட, "உங்களுக்கு யார்கூட சாட்டிங்?" என்று எட்டிப் பார்த்தாள். ஒரு வண்டி 2016-இல் 94,000 மைல், 2018-இல் 71,000. நம் ஊரில் கேபிளைக் கழற்றி மீட்டரைத் திருப்பினால் திருப்பினவனுக்கும் கடவுளுக்கும் மட்டும்தான் தெரியும்.

நான் வாங்கின வண்டியின் பக்கத்தை மட்டும் நாலு தடவை படித்தேன். வருஷம் ஆயிரத்து ஐநூறு மைலுக்கு மேல் போனதில்லை. 2017-இல் "பின்பக்கம் துரு ஆரம்பம்." 2018-இலும் அதே வரி. 2019-இல் பெயில்; நாலு நாள் கழித்து வெல்டிங் வைத்துப் பாஸ். அதற்குப் பிறகு துரு என்ற பேச்சே இல்லை, டயர், பல்பு, வைப்பர்தான். ஒரு வீட்டின் மருத்துவச் செலவு நோட்டைப் பார்த்த மாதிரி இருந்தது.

விளம்பரத்தில் அந்த மனிதர் போட்டிருந்த முதல் படமே காரின் முகம் இல்லை, கதவுக்குக் கீழே பின் சக்கரத்தை ஒட்டி வெல்டிங் வைத்த இடம். எம்.எக்ஸ்-5-க்கு உயிர்நாடி அங்கேதான். கூரையில் விழும் மழைத்தண்ணீர் சீட்டுக்குப் பின்னால் ரெண்டு ஓட்டை வழியாகக் கீழே இறங்க வேண்டும். அதில் இலை தழை அடைத்தால் தண்ணீர் உள்ளேயே தேங்கும், தகடு உள்ளிருந்து அரிக்கும். வெளியே பெயிண்ட் குமிழ் விடும்போது உள்ளே அப்பளமாக இருக்கும். குளிர்காலத்தில் இந்த ஊர் ரோட்டில் உப்பு வேறு கொட்டுவார்கள்.

போனவுடன் பேண்ட் நனைவதைப் பார்க்காமல் புல்லில் படுத்தேன். அவரே ஒரு பாட்டில் தண்ணீர் கொண்டுவந்து கொடுத்து, "அந்த ஓட்டையில ஊத்திப் பாருங்க" என்றார். ஊற்றினேன். பின் சக்கரத்துக்கு முன்னால் தாரையாகக் கொட்டியது. அவ்வளவு சந்தோஷம் எனக்கு. அப்புறம் என் பெரிய வித்தையைக் காட்டினேன். துருவை மறைத்துப் பட்டி பூசியிருக்கிறதா (பட்டிமேல் காந்தம் ஒட்டாது) என்று பார்க்க வீட்டு ஃபிரிட்ஜிலிருந்து திருப்பதி பெருமாள் காந்தம் ஒன்றைக் கைக்குட்டையில் சுற்றிக் கொண்டுபோயிருந்தேன். கதவில் வைத்தேன், பிடித்தது. வெல்டிங் பக்கத்தில் பிடித்தது. பானெட்டில் வைத்தால் பெருமாள் வழுக்கிக் கீழே விழுகிறார். எங்கே வைத்தாலும் நிற்கவில்லை. முழுப் பானெட்டும் பட்டியா! பாவி மனுஷன் என்று நிமிர்ந்து முறைத்தேன். அவர் சிரிப்பை அடக்கிக்கொண்டு, "அது அலுமினியம்" என்றார். கம்பெனியிலேயே அப்படித்தானாம். முப்பது வருஷம் இந்த ஊரில் இன்ஜினியர் வேலை பார்த்தவன் என்று அவரிடம் அதற்கு மேல் சொல்லிக்கொள்ளவில்லை.

பானெட் ஜில்லென்று இருந்தது. சாவியைத் திருகினேன். "டக்டக்டக்டக்." தையல் மெஷின் மாதிரி. அப்போதுதான் உனக்கு வீடியோ கால் போட்டேன். நீ கட் ஆன பிறகு, ஆக்சிலேட்டரைத் தொடாமல் நானும் அவரும் கைகட்டிக்கொண்டு நின்றோம். ரெண்டு நிமிஷம். மூன்று. ஆயில் ஏற ஏறச் சத்தம் தேய்ந்து நின்றே போயிற்று. ஹைட்ராலிக் டேப்பெட், அதாவது ஆயில் அழுத்தத்தில் வால்வைத் தள்ளும் பாகம். இந்த எஞ்சினில் சகஜம்தான், ஆயில் மாற்றினால் இன்னும் குறையும் என்றார். நீயும் அதைத்தான் சொல்ல வந்தாய் என்று நினைக்கிறேன். இல்லை, வேறு ஏதாவது சொல்ல வந்திருந்தால் இப்போது சொல்லாதே.

டயரில் பட்டன் நிறைய இருந்தது. ஆனால் ஓரத்து எண் 1114. அதாவது 2014-ஆம் வருஷம் பதினோராவது வாரம் செய்தது, கட்டையாக இறுகிவிட்டது. அதைக் காட்டி 3,700-லிருந்து 3,400-க்கு இறக்கினேன். துண்டு போட்டு விரல் பிடிக்காத குறை. அவரும் பெரிதாக முரண்டு பிடிக்கவில்லை.

காகித வேலை சட்டென்று முடிந்தது. கடன் பாக்கி, திருட்டு, விபத்தில் கழித்த வண்டி இதெல்லாம் உண்டா என்று முதல் நாளே காசு கட்டிப் பார்த்தாயிற்று. லாக் புக்கில் (நம் ஆர்.சி. புத்தகம் மாதிரி) பெயர் இருப்பதாலேயே ஒருவர் சொந்தக்காரர் ஆகிவிட மாட்டார் என்று அதிலேயே அச்சடித்திருக்கிறார்கள். அதனால் அவர் வாங்கியபோது கொடுத்த ரசீதையும் கேட்டு வாங்கினேன். அவர் வீட்டு வைஃபையில்தான் பணம் அனுப்பினேன். பெயர் பொருந்துகிறது என்று பேங்க் சொன்ன பிறகும் பட்டனை அமுக்கக் கை கொஞ்சம் நடுங்கியது. லாக் புக்கிலிருந்து பச்சைத் துண்டுச் சீட்டைக் கிழித்துக் கொடுத்தார். அதிலுள்ள 12 இலக்க எண்ணை அடித்து அங்கேயே ரோடு டாக்ஸ் கட்டினேன். பழைய சொந்தக்காரர் கட்டிய வரி 2014-லிருந்து வண்டியோடு சேர்ந்து வருவதில்லை. பெயர் மாற்றப் பார்ம் 29, 30 என்று ஆர்.டி.ஓ. வாசலில் நீ நின்ற மூன்று நாளை நினைத்துக்கொண்டேன்.

திரும்பி வரும்போது ஆறு டிகிரி குளிர். கூரையை மடக்கிவிட்டுத்தான் ஓட்டினேன். மடக்குமுன் பின் கண்ணாடியின் ஜிப்பை அவிழ்க்க வேண்டும். அது பிளாஸ்டிக், குளிரில் மடங்கினால் வெடித்துவிடும். மஃப்ளரும் குரங்குக் குல்லாவுமாக நான் போனதைப் பார்த்து பஸ் ஸ்டாப்பில் ஒரு பையன் கை காட்டினான், நானும் ஹெட்லைட்டை எழுப்பி இறக்கினேன். வீட்டுக்கு வந்ததும் சரசு சாவியை வாங்கிக்கொண்டு, "நகருங்க, நான் ஒரு ரவுண்டு போறேன்" என்று தனியாகக் கிளம்பிவிட்டாள். முக்கால் மணி நேரம் கழித்துத்தான் வந்தாள். எங்கே போனாள் என்று இன்னும் சொல்லவில்லை.

இப்போது உனக்கு ஒரு வேலை. பழைய கியர் குமிழின் தோல் உரிந்து கையில் ஒட்டுகிறது. இங்கே விற்பதெல்லாம் பளபளா அலுமினியம், இந்தக் குளிரில் தொட முடியாது. உன் லேத்தில் பூவரசங்கட்டையில் எலுமிச்சம்பழ அளவுக்கு ஒன்று கடைந்து, உள்ளே பித்தளை புஷ் வைத்து அனுப்பு. மரை 10 மில்லிமீட்டர், பிட்ச் 1.25. வழக்கமான ஒன்றரை என்று நினைத்து வெட்டிவிடாதே. வார்னிஷ் வேண்டாம், எண்ணெய் மட்டும் போதும். தை மாசம் தங்கச்சி பையன் வருகிறான், அவனிடம் கொடுத்துவிடு.

உன்,
கிட்டு