இயங்குதள ஆய்வகத்தில் ஓர் இயங்குதளம் வேண்டும்: பாடத்திட்டக் குழுவினருக்கு ஒரு திறந்த மடல்

பொறியியல் பட்டப்படிப்பின் கணினி அறிவியல் பாடத்திட்டத்தைத் திருத்தி எழுதவிருக்கும் குழுவின் மதிப்பிற்குரிய உறுப்பினர்களுக்கு, வணக்கம்.

தனியார் கல்லூரி ஒன்றில் பதினான்கு ஆண்டுகளாக இயங்குதளப் (ஆப்பரேட்டிங் சிஸ்டம்) பாடமும் அதன் ஆய்வகமும் நடத்தி வருபவன் நான். உங்களிடம் கேட்பது ஒன்றே ஒன்றுதான். இயங்குதள ஆய்வகப் பயிற்சிகளில் பாதியை எடுத்துவிட்டு, அந்த இடத்தில் ஒவ்வொரு மாணவரும் ஒரு லினக்ஸ் இயங்குதள அமைப்பை மூலநிரலிலிருந்து, அதாவது மனிதர் எழுதிய நிரல் வரிகளிலிருந்து, தாமே கட்டி, அதைத் தாமே பூட் செய்து (கணினியில் எழுப்பி) காட்டும் ஒரு நீண்ட பயிற்சியை வையுங்கள்.

இப்போது நடப்பது உங்களுக்கும் தெரியும். எஃப்சிஎஃப்எஸ், எஸ்ஜேஎஃப், ரவுண்ட் ராபின், பேங்கர்ஸ் அல்காரிதம் என, கணினியின் நேரத்தையும் வளங்களையும் நிரல்களுக்குப் பங்கிடும் முறைகள் ஒவ்வொன்றுக்கும் ஐம்பது அறுபது வரியில் ஒரு சி நிரல். விசைப்பலகையில் பர்ஸ்ட் டைமை (ஒரு வேலைக்குத் தேவையான செயலி நேரத்தை) கொடுத்தால் சராசரிக் காத்திருப்பு நேரம் திரையில் வந்துவிடும். சீனியரின் ரெக்கார்டு நோட்டில் இருக்கும் அதே எண்கள் ஜூனியரின் நோட்டிலும் இருப்பதைப் பார்த்துக்கொண்டே கையெழுத்துப் போடுகிறேன். ஒரு புராசஸுக்கு (ஓடிக்கொண்டிருக்கும் நிரலுக்கு) எவ்வளவு நேரம் பிடிக்கும் என்பதைக் கெர்னலுக்கு, அதாவது இயங்குதளத்தின் மையப்பகுதிக்கு, பொதுவாக யாரும் முன்கூட்டிச் சொல்வதில்லை என்கிற அடிப்படைச் செய்திகூட இந்த நிரல்களை எழுதி முடித்தவர்கள் பலருக்கு உறைப்பதில்லை. புராசஸ்களை உருவாக்கி ஒன்றோடொன்று பேசவும் ஒத்திசையவும் வைக்கும் ஃபோர்க், பைப், செமஃபோர் பற்றிய பயிற்சிகள் உண்மையான கெர்னலோடு பேசுகின்றன, அவை இருக்கட்டும். நான் நீக்கச் சொல்வது பாவனைப் பயிற்சிகளை மட்டுமே.

நான்கு ஆண்டுகளாகச் சனிக்கிழமைகளில், விரும்பி வரும் எட்டுப் பத்து மாணவர்களோடு, 'லினக்ஸ் ஃப்ரம் ஸ்க்ராட்ச்' வழிகாட்டியைப் பின்பற்றி இந்த வேலையைச் செய்து வருகிறேன். ஜெரார்ட் பீக்மன்ஸ் 1999-இல் தொடங்கிய திட்டம் அது. வழிகாட்டி இணையத்தில் இலவசமாகவே கிடைக்கிறது. அதில் நிறுவும் நிரல் கிடையாது. ஏறத்தாழ எண்பது மென்பொருள்களின் மூலநிரல் பொதிகளும் அவற்றை எந்த வரிசையில், எந்தக் கட்டளையால் கட்டுவது என்கிற குறிப்புகளும்தான் இருக்கின்றன. கெர்னல் ஓரிடத்திலிருந்து, சி நூலகம் (நிரல்கள் பொதுவாகப் பயன்படுத்தும் நிரல்தொகுப்பு) வேறோரிடத்திலிருந்து, கட்டளைகளை வாங்கி இயக்கும் பேஷ் இன்னோரிடத்திலிருந்து வருகிறது என்பதை மாணவர்கள் முதன்முதலில் அந்தப் பட்டியலில்தான் காண்கிறார்கள். லினக்ஸ் என்று ஒரே வார்த்தையில் சொல்லிவிடுகிற பொருள், தனித்தனியே வேலை செய்யும் பல குழுக்களின் ஆக்கங்களை யாரோ ஒருவர் சேர்த்துப் பொருத்தியது என்பதை வகுப்பில் நூறு முறை சொன்னாலும் இவ்வளவு தெளிவாகப் புரியவைக்க முடியாது.

வேலை தொடங்கியதும் வரும் முதல் கேள்வி, கம்பைலரை (மூலநிரலைக் கணினி இயக்கும் வடிவுக்கு மாற்றும் மென்பொருளை) எதைக் கொண்டு கம்பைல் செய்வது என்பது. பாலை உறைய வைக்க வேண்டுமானால் நேற்றைய மோரில் ஒரு கரண்டி வேண்டும். இங்கும் அப்படித்தான்: ஏற்கெனவே கணினியில் உள்ள கம்பைலரைக் கொண்டுதான் புதியதைக் கட்ட வேண்டும். ஆனால் பழைய அமைப்பின் நூலகங்கள் புதியதற்குள் கலந்துவிடக் கூடாது. ஆகவே இணைப்பான் முதலிய கருவிகளின் தொகுப்பான பைன்யுட்டில்ஸையும் கம்பைலரான ஜிசிசியையும் முதற்சுற்றில், வேறொரு கணினிக்காகக் கட்டுவதுபோலப் பெயரை மாற்றிக் கிராஸ் கம்பைலராகக் கட்டுகிறோம். பிறகு கெர்னலின் ஹெடர் கோப்புகள் (கெர்னலை அழைக்கும் முறைகளின் அறிவிப்புகள்), அதன்பின் சி நூலகமான ஜிலிப்சி, அதற்குப் பிறகு சி++ நூலகம். இந்த வரிசையை மாற்றினால் எங்கே உடைகிறது என்பதைப் பார்ப்பதே ஒரு பாடம். இவற்றைக் கொண்டு சிறு கருவிகளைக் கட்டி, ஓர் அடைவையே முழு அமைப்பாகக் காட்டும் சிஹெச்ரூட் கட்டளை மூலம் புதிய அடைவுக்குள் நுழைந்த பின் அதே ஜிசிசியை மறுபடியும் கட்ட வேண்டும். "கட்டினதையே எதுக்கு சார் திரும்பக் கட்டணும்?" என்று ஆண்டுதோறும் யாராவது ஒருவர் கேட்கிறார். மூலநிரலில் ஒரு வரிகூடத் தெரியாமல் ஒரு கம்பைலர் தன் அடுத்த தலைமுறைக்குள் கள்ளவழியை (ரகசிய நுழைவாயிலை) கடத்த முடியும் என்று யூனிக்ஸை உருவாக்கியவர்களில் ஒருவரான கென் தாம்ஸன் 1984-இல் எழுதியதை அப்போது எடுத்துச் சொல்வேன். மறுபடி கட்டுவதால் அந்த ஐயம் தீர்ந்துவிடாது என்பதையும் சேர்த்தே சொல்கிறேன். புளித்த மோரின் புளிப்பு அடுத்த தயிரிலும் இருக்கத்தானே செய்யும்.

கடந்த ஆண்டு மூன்றாமாண்டு மாணவி ஒருவர் ஆறு சனிக்கிழமைகள் உழைத்துக் கடைசிக் கட்டத்துக்கு வந்தார். ரீபூட் செய்ததும் கெர்னல் எழுந்தது, வரிகள் ஓடின, பிறகு நின்றது. திரையில் வந்த செய்தி: ரூட் ஃபைல் சிஸ்டத்தை (எல்லாக் கோப்புகளும் இருக்கும் அடிப்படை அமைப்பை) ஏற்ற முடியவில்லை, அன்னோன் பிளாக் (0,0), கெர்னல் பேனிக், அதாவது கெர்னலால் மேலே போக முடியவில்லை. கெர்னலை ஏற்றும் கிரப்பின் கோப்பைப் பார்த்தார், வட்டுப் பகுதிகளைப் பட்டியலிடும் எஃப்எஸ்டேப் கோப்பைப் பார்த்தார், இரண்டும் சரியாகவே இருந்தன. இரண்டு மணி நேரம் நான் வாய் திறக்கவில்லை. கெர்னலின் அமைப்புகளைத் தேர்ந்தெடுக்கும் மெனுகான்ஃபிக் திரையை நிதானமாகப் படிக்கத் தொடங்கிய பிறகுதான் அவருக்கே பிடிபட்டது. பெரிய டிஸ்ட்ரோ (ஆயத்த லினக்ஸ் தொகுப்பு) ஒன்றின் கெர்னல் கான்ஃபிக் கோப்பை அப்படியே எடுத்துப் பயன்படுத்தியிருந்தார். அதில் சாட்டா வட்டை இயக்கும் டிரைவர் கெர்னலுக்குள் சேராமல் தனி மாட்யூலாக (பிறகு ஏற்றப்படும் கோப்பாக) விடப்பட்டிருந்தது. மாட்யூல் கோப்பு இருப்பதோ அந்த வட்டுக்குள். வட்டைப் படிக்க டிரைவர் வேண்டும், டிரைவரை எடுக்க வட்டைப் படிக்க வேண்டும். "சார், சாவிய உள்ள வெச்சுப் பூட்டிட்டேன்" என்றார். அப்படியானால் அந்த டிஸ்ட்ரோ மட்டும் எப்படி பூட் ஆகிறது என்று அவரே அடுத்து கேட்டார். விடை இனிட்ராம்எஃப்எஸ்: வட்டைத் தொடுமுன் தேவையான டிரைவர்களோடு நினைவகத்தில் ஏற்றப்படும் சிறு கோப்பு அமைப்பு. அதைப் பல ஆண்டுகளாக நான் குறிப்பாகச் சொல்லி எழுத வைத்திருக்கிறேன். அது எதற்கு என்று அன்றைக்கு முன்பு யாரும் என்னிடம் கேட்டதில்லை.

எக்ஸ்விஆறு இருக்கிறதே என்று உங்களில் சிலர் சொல்லக்கூடும். எம்ஐடியின் அந்தச் சிறிய இயங்குதளம் கெர்னலின் உள்ளே படித்துப் பார்க்க மிக நல்லது, நானும் வகுப்பில் பயன்படுத்துகிறேன். ஆனால் அது ஒரே கையால் எழுதப்பட்டதுபோல் முழுமையாக நம்மிடம் வந்து சேர்கிறது. பலர் ஆக்கியவற்றை ஒழுங்குபடுத்திச் சேர்க்கும் வேலை அதில் இல்லை. ஒப்பிட்டுக் காட்ட, யூனிக்ஸ் வழிவந்த இன்னொரு திறந்த மூல இயங்குதளமான ஃப்ரீபிஎஸ்டி இதைவிடப் பொருத்தம். அங்கே கெர்னலும் அடிப்படைக் கருவிகளும் ஒரே மூலநிரல் மரத்தில் இருப்பதால் பில்ட்வேர்ல்ட், பில்ட்கெர்னல் என்ற இரண்டு கட்டளைகளில் எல்லாம் கட்டப்பட்டுவிடும். நிறுவும்போது கெர்னலை முதலில் வைத்து ரீபூட் செய்த பிறகே மற்றவற்றை வைக்க வேண்டும், ஏனென்றால் புதிய கருவிகள் கெர்னலிடம் வேலை கேட்டு அழைக்கும் சிஸ்டம் கால் பழைய கெர்னலில் இல்லாமல் போகலாம். ஒரே ஓர் ஆய்வக வகுப்பை இதற்கு ஒதுக்கினால் போதும்.

இது ஆர்வலர்களின் பொழுதுபோக்கு என்று யாரும் ஒதுக்கிவிடாதிருக்க ஒன்று சொல்கிறேன். 2024 மார்ச்சில் எக்ஸ்இசட் என்னும், கோப்புகளைச் சுருக்கும் மென்பொருளின் 5.6.0, 5.6.1 பதிப்புகளில் கள்ளவழி ஒன்று கண்டுபிடிக்கப்பட்டது. எஸ்எஸ்ஹெச் வழியாகத் தொலைவிலிருந்து செய்யும் உள்நுழைவு அரை நொடி தாமதமாவதைக் கவனித்த ஆண்ட்ரெஸ் ஃப்ராயிண்ட் என்னும் பொறியாளர் அதைத் துருவிப் போய்ப் பிடித்தார். தீய நிரல் சோதனைக் கோப்புகளுக்குள் மறைக்கப்பட்டிருந்தது. கட்டும் நேரத்தில் அதை வெளியே எடுக்கும் வரிகள் வெளியீட்டுப் பொதியில் இருந்தனவே தவிர, நிரல் மாற்றங்கள் பதிவாகும் கிட் களஞ்சியத்தில் இல்லை. எங்கள் மாணவர்கள் கையால் கட்டும் எண்பதில் எக்ஸ்இசட்டும் ஒன்று. கட்டுவதற்கு முன் கணினியைச் சோதிக்கும் கான்ஃபிகர் ஸ்கிரிப்ட் எங்கிருந்து வருகிறது, களஞ்சியத்துக்கும் பொதிக்கும் என்ன வேறுபாடு என்று தெரிந்திருந்ததால் அந்தச் செய்தியை அவர்களால் படித்துப் புரிந்துகொள்ள முடிந்தது. முதல் மதிப்பெண் வாங்கிய மற்ற சிலர் என்னிடம் விளக்கம் கேட்டு வந்தார்கள்.

நேரம் போதாது என்பது நியாயமான கவலைதான். எங்கள் பழைய கணினிகளில் ஒற்றைக் கோரில் பைன்யுட்டில்ஸின் முதற்சுற்றுக்கு நான்கு நிமிடம் ஆகிறது. ஜிசிசிக்கு அதைப் பன்மடங்காக்கிக் கொள்ளுங்கள். ஆனால் கம்பைல் ஓடும் நேரத்தில் மாணவர் எதிரே உட்கார்ந்திருக்க வேண்டியதில்லை. மெய்நிகர் கணினியில் கட்டுவதால் மணி அடித்ததும் நிலையைச் சேமித்து மூடிவிட்டு அடுத்த வாரம் விட்ட இடத்திலிருந்து தொடரலாம். நடுவில் மின்சாரம் போனால் அந்த ஒரு பொதியின் அடைவை அழித்து மீண்டும் விரித்துத் தொடங்க வேண்டும், அவ்வளவே.

மூன்று மணி நேரச் செய்முறைத் தேர்வில் இதைக் கட்ட முடியாது என்பதும் உண்மை. மாணவர் கட்டிய அமைப்பைத் தேர்வறையில் பூட் செய்யச் சொல்லுங்கள். பிறகு வேண்டுமென்றே கெடுத்த கான்ஃபிக் கோப்பு ஒன்றைக் கொடுத்து எங்கே பிழை என்று காட்டச் சொல்லுங்கள். வட்டுப் பிம்பத்தை நகலெடுத்துக் கொண்டுவருவார்கள் என்ற அச்சத்துக்கும் வழியுண்டு. கெர்னலைக் கட்டும்போது உள்ளூர்ப் பதிப்புப் பெயராக மாணவரின் பதிவெண்ணைக் கொடுக்க வேண்டும் என்று விதி வைத்தால், கெர்னலின் விவரம் காட்டும் 'யுனேம் -ஏ' கட்டளையிட்டதும் பதிவெண்ணும் கட்டிய நாளும் நேரமும் ஒரே வரியில் வந்து நிற்கும். சென்ற ஆண்டு ஒருவர் நண்பரின் பதிவெண்ணோடு வந்து மாட்டிக்கொண்டார். பாவம், அதை மாற்ற வேண்டுமானால் கெர்னலை மறுபடி கட்ட வேண்டும், கட்டினார், கற்றுக்கொண்டார்.

நான்கு ஆண்டுகளின் பில்ட் பதிவுகளும், எந்தப் பொதி எங்கள் கணினியில் எத்தனை நிமிடம் எடுத்தது என்ற அட்டவணையும், மாணவர்கள் தமிழில் எழுதி வைத்திருக்கும் பிழைக் குறிப்புகளும் என்னிடம் உள்ளன. குழு கேட்டால் அனைத்தையும் அனுப்பி வைக்கிறேன். முடிவெடுப்பதற்கு முன் உங்களில் ஒருவராவது ஒரு சனிக்கிழமை காலை ஒன்பதரைக்கு எங்கள் ஆய்வகத்துக்கு வந்து, பேனிக் திரைக்கு முன்னால் ஒரு மாணவரின் பக்கத்தில் உட்கார்ந்து பார்க்க வேண்டும் என்று கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
இயங்குதள ஆய்வகப் பொறுப்பாசிரியர் ஒருவர்