பாலு மகேந்திராவின் 'கதை நேரம்' விடுபடலாமா?

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். இயக்குநர் பாலு மகேந்திரா பற்றி உங்கள் வாரப் பதிப்பில் வந்த கட்டுரையைப் படித்தேன். நம் மட்டக்களப்பு அமிர்தகழியில் பிறந்து, புனித மிக்கேல் கல்லூரியில் படித்த ஒருவரை இன்றைய பிள்ளைகளுக்கு அறிமுகப்படுத்தியதற்கு முதலில் நன்றி. 'மூன்றாம் பிறை', 'வீடு' என்று படங்களைச் சொல்லி, தேசிய விருதுகளைச் சொல்லி, 2014 பெப்ரவரியில் அவர் மறைந்ததோடு கட்டுரை முடிந்துவிட்டது. சன் தொலைக்காட்சியில் அவர் செய்த 'கதை நேரம்' என்ற சிறுகதை நிகழ்ச்சி பற்றி ஒரு வரிகூட இல்லை. அதனால்தான் இதை எழுதுகிறேன்.

அவரைப் பற்றிப் பேசும் பலரும் இப்படித்தான் செய்கிறார்கள். சினிமாவைப் பெரிதாகச் சொல்லிவிட்டு, சின்னத்திரையை இரண்டு படங்களுக்கு நடுவே ஓய்வாகச் செய்த வேலை மாதிரித் தாண்டிப் போகிறார்கள். 2000ஆம் ஆண்டை ஒட்டிய அந்தக் காலத்தை நினைத்துப் பாருங்கள். தொலைக்காட்சி நாடகம் என்றால் வருடக்கணக்கில் இழுபடும் தொடர்தான். ஒரு அழுகைக்கு ஒரு வாரம் போகும். அந்த நேரத்தில் இவர் வாரம் ஒரு தமிழ்ச் சிறுகதையை எடுத்து, அரை மணி நேரத்துக்குள் சொல்லி முடித்தார். எழுதியவர் யார் என்பதும் பார்க்கிறவர்களுக்குத் தெரிந்தது. சிறுகதைப் புத்தகம் பக்கமே போகாத எத்தனையோ வீடுகளில் இரவுச் சாப்பாட்டு நேரத்தில் இலக்கியம் வந்து உட்கார்ந்தது என்றால், அதைச் சாதாரண வேலை என்று எப்படிச் சொல்வது?

அவர் வந்த வழியைப் பார்த்தால் இதில் ஆச்சரியமும் இல்லை. பூனா திரைப்படக் கல்லூரியில் ஒளிப்பதிவு படித்து 1969இல் தங்கப் பதக்கத்தோடு வெளியே வந்தவர். முதலில் மலையாளப் படங்களுக்குக் கமரா பிடித்தார். 1977இல் கன்னடத்தில் 'கோகிலா'வை இயக்கினார். அதன் ஒளிப்பதிவுக்கே தேசிய விருது கிடைத்தது. இயக்குநர் மகேந்திரனின் 'முள்ளும் மலரும்' படத்துக்கும், மணிரத்னத்தின் முதல் படத்துக்கும் ஒளிப்பதிவு இவர்தான். இத்தனை பேரோடும் இத்தனை மொழியிலும் வேலை செய்துவிட்டு, 1988இல் பாட்டே இல்லாமல் 'வீடு' எடுத்தார். ஒரு நடுத்தரக் குடும்பம் சொந்தமாக ஒரு வீடு கட்டப் படும் பாடு, அவ்வளவுதான் கதை. யன்னல் வழியாக வரும் வெளிச்சமும், சொக்கலிங்க பாகவதரின் வயதான முகமும் அந்தப் படத்துக்குப் போதுமாக இருந்தன. அதே கண்தான் 'கதை நேர'த்திலும் இருந்தது. ஒரு வீடு, ஒரு தெரு, இரண்டு மூன்று பேர். பெரிய நட்சத்திரம் எவரும் தேவைப்படவில்லை.

நம்முடைய மண்ணைப் பற்றி, நம்முடைய யுத்தத்தைப் பற்றி அவர் ஒரு படம் எடுக்கவில்லையே என்ற மனக்குறை இங்கே பலருக்கு உண்டு. எனக்கும் அந்த ஏக்கம் இருக்கிறது. சரி, அவர் எடுக்கவில்லை. நாம் எடுப்பதற்கு என்ன தடை?

மட்டக்களப்பிலும் அம்பாறையிலும் இன்று நிறையப் பிள்ளைகள் குறும்படம் எடுக்கிறார்கள். கமராவை ஒழுங்காகப் பிடிக்கிறார்கள், கைபேசியிலேயே அழகாக வெட்டி ஒட்டுகிறார்கள். குறை கதையில்தான். நான் பார்த்தவற்றில் பலவும் சென்னைப் படத்துக் காதலையும் அடிதடியையும் கல்லடிப் பாலத்துக்குக் கொண்டுவந்தவையாகவே இருக்கின்றன. மேலே ட்ரோன் பறக்கும், கீழே வாவி மின்னும், பேசுகிறவர்களின் பேச்சில் மட்டும் மட்டக்களப்பு இருக்காது. இது எனக்கு உண்மையிலேயே வருத்தமாக இருக்கிறது. ஏனென்றால் கதைக்கு இங்கே பஞ்சமே இல்லை. பித்தன், மருதமுனையின் மருதூர்க்கொத்தன், கல்முனையின் உமா வரதராஜன் என்று எழுதியவர்களும் எழுதிக்கொண்டிருப்பவர்களும் எத்தனை பேர்! ஒரு வளவு, ஒரு கடற்கரை, வயலோரம் ஒரு காவல் பரண் கிடைத்தால் எடுக்கக்கூடிய கதைகள் அவர்களிடம் இருக்கின்றன. பெரிய பணம் தேவையில்லை என்பதை 'கதை நேரம்' பார்த்த எவரும் ஒப்புக்கொள்வார்கள். சினிமாப் படங்களை விட அதுதான் நம் பிள்ளைகளுக்கு நேரடியாகப் பயன்படும் பாடம் என்பது என் உறுதியான எண்ணம்.

இன்னொன்றும் இருக்கிறது. தன்னுடைய 'வீடு', 'சந்தியா ராகம்' படங்களின் நெகட்டிவ் இப்போது இல்லை என்று பாலு மகேந்திராவே மனம் நொந்து சொன்னார். பழைய படங்களைக் காக்க ஓர் ஆவணக் காப்பகம் வேண்டும் என்று கேட்டார். விருது வாங்கிய சினிமாவுக்கே அந்த நிலை என்றால், தொலைக்காட்சிக்குச் செய்ததை யார் கவனிப்பார்கள்? கல்லடியிலுள்ள சுவாமி விபுலாநந்தா அழகியற் கற்கைகள் நிறுவகமோ, நமது பொது நூலகமோ உரிமை உள்ளவர்களிடம் முறைப்படி கேட்டு, 'கதை நேர'த்தின் ஒரு பிரதியை இங்கே வைத்திருக்க வேண்டும். மாதம் ஒரு மாலை இரண்டு கதைகளைப் போட்டுக் காட்டி, மூலக் கதையையும் அங்கேயே வாசித்து, எதை விட்டார், எதைச் சேர்த்தார் என்று பிள்ளைகளைப் பேசவைக்கலாம்.

உங்களிடமும் ஒரு வேண்டுகோள். வாரப் பதிப்பில் மாதம் ஒரு பக்கம் ஒதுக்கி, கிழக்கிலங்கை எழுத்தாளர்களின் பழைய சிறுகதை ஒன்றை, உரியவர்களின் அனுமதியோடு மறுபிரசுரம் செய்யுங்கள். கீழே, இதைக் குறும்படமாக்க விரும்புகிறவர்கள் யாரைத் தொடர்புகொள்ள வேண்டும் என்று ஒரு வரி போட்டுவிடுங்கள். முதல் கதையாகப் பித்தனுடைய ஒன்றைத் தெரிந்தெடுத்தால் நல்லது என்பது என் விருப்பம்.

இப்படிக்கு,
ஒரு வாசகி,
அமிர்தகழி, மட்டக்களப்பு.