இதயத்தசை அழற்சி: ஒட்டுண்ணியையும் தேடுங்கள்

ஆசிரியர் அவர்களுக்கு,

இதயத்தசை அழற்சி என்றாலே வைரஸ் என்று முடித்துவிடுகிறோம். லத்தீன் அமெரிக்காவில் 'டிரிபனோசோமா குரூசி' என்ற ஒட்டுண்ணியும் அதற்கு முக்கியக் காரணம். 1909-இல் பிரேசில் மருத்துவர் கார்லோஸ் சாகஸ் கண்டறிந்ததால், இந்த ஒட்டுண்ணி தரும் நோய்க்குச் 'சாகஸ் நோய்' என்று பெயர். ரத்தம் குடிக்கும் டிரையாடோமா பூச்சியின் கடியல்ல, அது கடித்த இடத்தருகே இடும் எச்சமே ஆபத்து. சொறியும்போது ஒட்டுண்ணி உள்ளே போய்விடுகிறது.

முதல் இரண்டு மாதங்கள் ரத்தத்தை நுண்ணோக்கியில் பார்த்தாலே அது தென்படும். ஆனால் பெரும்பாலோருக்கு அப்போது அறிகுறியே இருக்காது, யார் பரிசோதிப்பார்கள்? பின்னர், ஒட்டுண்ணிக்கு எதிராக உடல் உருவாக்கும் எதிர்ப்பொருள் ரத்தத்தில் உள்ளதா என்று இரு வேறு முறைகளில் சோதனை செய்துதான் உறுதிப்படுத்த முடியும். 20 முதல் 30 சதவீதத்தினருக்குப் பல ஆண்டுகள் கழித்து இதயம் பழுதாகிறது. இசிஜியில் வலது கிளை அடைப்பு (இதயத்தின் வலப்பக்க மின்தூண்டல் பாதையில் தடை) தெரியும். இதய நுனி புடைத்து அங்கே ரத்தக்கட்டி உருவானால் பக்கவாதம் வரை போகும்.

ஒட்டுண்ணியைக் கொல்லும் பென்ஸ்நிடசோல் மாத்திரையைப் பொதுவாக 60 நாள் தருவார்கள். இதயம் ஏற்கெனவே பழுதானவர்களுக்கு இம்மருந்து நோய் முற்றுவதைத் தடுக்கவில்லை என்று 2015-இல் வெளியான 'பெனிஃபிட்' ஆய்வு காட்டியது. ஆகவே சீக்கிரம் கண்டுபிடிப்பதில்தான் எல்லாம் இருக்கிறது. இன்னொன்று: காரணம் தெரியாமல், அழற்சிக்கென்று நோய் எதிர்ப்பைக் குறைக்கும் ஸ்டீராய்டு கொடுத்தால், அடங்கிக் கிடக்கும் ஒட்டுண்ணி மீண்டும் பெருகக்கூடும்.

இப்படிக்கு,
வாசகர்கள்